குடலிறக்கம்: சொல்லும் உடலும்

கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகத்தின் இரும்பாலைகளிலும் கிடங்குகளிலும் பாரந்தூக்கிப் பிழைப்போர் பலர். அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்பறையில் அமர்ந்துள்ளனர். அத்தகைய மாணவர் ஒருவர், தந்தைக்கு 'ஓதம்' என்று கூறி விடுப்புக் கேட்டார். வினவியபோதுதான் அது குடலிறக்கம் என்று தெரிந்தது. தந்தையோ நாணத்தாலும், கூலி போய்விடும் என்ற அச்சத்தாலும் மூன்றாண்டுகள் மறைத்து வந்திருக்கிறார்.

ஓதம் வேறு, குடலிறக்கம் வேறு. முன்னது விரையைச் சூழ்ந்து நீர் சேர்தல். பின்னதோ வயிற்றுச் சுவரின் நலிந்த இடம் வழியே குடலோ கொழுப்போ வெளிப்பிதுங்குதல். தொடக்கத்தில், படுத்தால் அது உள்ளே சென்றுவிடும். இருமினால் மீண்டும் தலைகாட்டும்.

மிகுதியாக வருவது கவட்டைக் குடலிறக்கம். கருவிலுள்ள ஆண் மகவின் விரை வயிற்றினுள் தோன்றி, கவட்டை வழியே கீழிறங்குகிறது. அவ்வழி நன்கு அடைபடாவிடில் பின்னாளில் குடலும் அதனைப் பின்பற்றும். வயது முதிர்ந்தோர்க்குத் தசைச்சுவரே தளர்ந்து பிதுங்குவதும் உண்டு. கவட்டை மடிப்புக்குச் சற்றுக் கீழே தோன்றும் தொடைக் குடலிறக்கம் பெண்களிடையே மிகுதி. அதன் வாயில் குறுகியதாதலின் குடல் சிக்கிக்கொள்ளும் இடர் பெரிது. குழந்தைகளின் தொப்புள் பிதுக்கம் பெரும்பாலும் நான்கைந்து வயதிற்குள் தானே மறையும். காசு வைத்துக் கட்டும் பாட்டிமார் வைத்தியத்தால் பயனில்லை. பழைய அறுவைத் தழும்பு விரிந்து வருவது மற்றொரு வகை.

இனி ஒரு சொல்லாய்வு. இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தின் இடைவெளி வழியே மார்பினுள் ஏறுவதும் இவ்வினத்தைச் சார்ந்ததே. ஏறுவதை 'இறக்கம்' எனல் எங்ஙனம்? 'பிதுக்கம்' என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து.

பாரம் ஒன்றே காரணமன்று. நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், சிறுநீர் கழிக்க முக்குதல் ஆகியனவும் துணைபுரியும். ஆயினும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வயதுவந்த ஆண் தூக்கத்தக்க எடைக்கு 55 கிலோவை வரம்பாக 1967இலேயே பரிந்துரைத்தது என்பதை மறத்தலாகாது. புடைப்பு உள்ளே செல்லாமல் இறுகி, நோவும் வாந்தியும் தோன்றின் சில மணி நேரத்தில் குடல் அழுகக்கூடும். அந்நிலையில் பொழுது விடியட்டும் என்று காத்திருத்தல் உயிருக்கே கேடு.

பெரியவர்களின் குடலிறக்கத்திற்கு நிலையான தீர்வு அறுவையே. இத்தாலியின் பாதுவா நகரில் பசினி 1880களில் நல்ல தையல்முறை கண்டார். ஒரு நூற்றாண்டு கழித்து வலை வைத்துத் தைக்கும் முறை பரவியது. வலையின் விலையோ ஏழைக்கு எட்டவில்லை. மகாராஷ்டிரத்தின் தொண்டைச்சாவில் தொங்காவ்ங்கர் என்ற மருத்துவர் கிருமிநீக்கிய கொசுவலைத் துணியையே பயன்படுத்தினார். அத்தகைய மலிவு வலையை விலைமிக்க வலையோடு உகாண்டாவில் ஒப்பிட்டு ஆய்ந்தனர். ஓராண்டளவில் இரண்டிற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்று 2016இல் வெளியான அவ்வாய்வு கூறுகிறது.

மாணவரின் தந்தைக்கும் அறுவை முடிந்தது. இப்போது அவர் மூட்டை தூக்குவதில்லை. அதே கிடங்கின் எடைமேடையில் கணக்கெழுதுகிறார்.