சிவகங்கை மறைமாவட்டம்

மறைமாவட்டம் என்றதும் பெருநகரமும் வானளாவிய பேராலயமும் நம் நினைவில் எழுவது இயல்பு. ஆனால், கண்மாய் நீரை நம்பி வாழும் வானம் பார்த்த பூமியிலும் ஒரு மறைமாவட்டம் உண்டு. அதுவே சிவகங்கை மறைமாவட்டம்.

மறவர் சீமை எனப்பட்ட இப்பகுதியில் மதுரை மிஷனைச் சேர்ந்த சேசுசபைக் குருக்கள் சமயப் பணியாற்றினர். அவர்களுள் போர்ச்சுகல் நாட்டினரான அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு உயிர் நீத்தார். 1947-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஓரியூர்ச் செம்மண்ணைச் சமய வேறுபாடின்றி மக்கள் இன்றும் பக்தியோடு எடுத்துச் செல்கின்றனர்.

நெடுங்காலம் இவ்வூர்கள் மதுரையின் ஆளுகையில் இருந்தன. 1987 ஜூலை 25 அன்று இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டப் பகுதிகளைக் கொண்டு தனி மறைமாவட்டம் அமைந்தது. முதல் ஆயர் எட்வர்ட் பிரான்சிஸ்.

இதன் அமைப்பு யாது? தலைமை ஆயருடையது. அவருக்குக் கீழே மறைவட்டங்கள். ஒவ்வொரு மறைவட்டத்திலும் பல பங்குகள். ஒவ்வொரு பங்கிற்கும் ஒரு பங்குத்தந்தை. பங்கைச் சுற்றிக் கிளைக்கிராமங்கள் சிதறிக் கிடக்கும். ஒரே ஞாயிறன்று எல்லா ஊர்களிலும் திருப்பலி நிகழ்த்தப் பங்குத்தந்தை ஒருவரால் இயலுமா? அந்தக் குறையை நிரப்புபவர் உபதேசியார். செபம் நடத்துவதும், சிறுவர்க்கு மறைக்கல்வி புகட்டுவதும், நோயுற்றோரைப் பற்றிக் குருவுக்குச் சொல்லியனுப்புவதும் அவர் பணிகள். பங்கின் வரவு செலவில் ஆலோசனை கூறப் பொதுநிலையினர் அடங்கிய நிதிக்குழு வேண்டுமென 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் விதிக்கிறது.

ஆகவே, மறைமாவட்டத்தின் வலிமையை ஆயர் இல்லத்தில் மட்டும் தேடலாகாது. கடைக்கோடிக் கிளைக்கிராமத்து மக்களுக்கு உற்ற நேரத்தில் துணை கிட்டுகிறதா என்பதே அதன் உரைகல்லாகும்.