மண்ணில் உழைக்கும் நொதிகள்

ஜொகூரில் கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர்கள் இன்றும் வழங்கி வருகின்றன. கங்கார் என்பது ஆற்றோரத்தில் சீனர் அமைத்த தோட்டக் குடியிருப்பாகும். தெமெங்கோங் இப்ராகிம் 1844ஆம் ஆண்டு முதல் வழங்கிய ஆற்றுப் பத்திரங்களால் இக்குடியிருப்புகள் பெருகின. அங்கே காம்பிரும் மிளகும் பயிராயின. காம்பிர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறு எடுத்தபின், அதன் சக்கையை மிளகுக்கு எருவாக இட்டனர். காம்பிர் நிலத்திற்கோ எதுவும் திரும்பவில்லை. சுற்றுக்காடும் அடுப்புக்கு விறகாயிற்று. சில ஆண்டுகளில் நிலம் களைத்தது. தோட்டக்காரர் வேறு காடு தேடிச் சென்றனர். விட்ட நிலத்தை லாலாங் புல் மூடியது.

நிலம் களைப்பதாவது யாது? மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் பயிரின் வேர்களும் நொதிகள் என்னும் பொருள்களைச் சுரக்கின்றன. சோற்றை நன்கு மென்றால் இனிக்கிறதன்றோ? அது உமிழ்நீரிலுள்ள நொதியின் வேலை. மண்ணிலும் அவ்வாறே சருகின் நாரை ஒரு நொதி சர்க்கரையாக்குகிறது. யூரியேஸ் என்னும் நொதி யூரியாவை அம்மோனியாவாக்குகிறது. இந்த யூரியேஸை 1926இல் ஓர் அவரை வகையிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்த ஜேம்ஸ் சம்னர், 1946இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஜொகூருக்கு மிக வேண்டியது பாஸ்பட்டேஸ் என்னும் நொதியாகும். ரெங்கம் என்ற ஊரின் பெயரையே தாங்கிய மண்வகை, கருங்கல் சிதைந்து உண்டானது. புளிப்புத் தன்மை உடையது. இத்தகைய மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. மக்கிய சருகிலுள்ள மணிச்சத்தையேனும் பாஸ்பட்டேஸ் விடுவித்தால்தான் பயிர் உண்ணும்.

நொதிகளைச் சுரக்கும் உயிர்களுக்குச் சருகும் வேரும் நிழலும் ஈரமும் வேண்டும். டுரியான், ரம்புத்தான், வாழை எனப் பலவும் கலந்து வளரும் கம்பத்துப் பழத்தோட்டத்தில் இவை குறைவின்றிக் கிடைக்கின்றன. தொடக்க கால ரப்பர் தோட்டங்களிலோ புல் பூண்டு இல்லாமல் தரையைச் சுரண்டி வைத்தனர். மேல்மண்ணை மழை அடித்துச் சென்றது. பின்னரே பியூரேரியா, கலப்பகோனியம் முதலிய மூடுகொடிகள் நிரைகளுக்கிடையே இடம் பெற்றன. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மரவரிசைகளுக்கிடையே பயிரிட்ட நிலங்களை ஆராய்ந்தவர்களும், மரங்களை அடுத்த மண்ணில் நொதிச் செயல் மிகுந்திருக்கக் கண்டனர்.

மண்ணின் மக்குப்பொருள் கூடுவதும் குறைவதும் அளவையில் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். நொதிச் செயலின் மாற்றமோ விரைவிலேயே தெரியும். ஆயினும் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப அது மாறுவதால், ஒரே வகை மண்ணை ஒரே பருவத்தில் எடுத்து ஒப்பிடுவதே முறை.

மறுநடவு செய்யும் சிறுதோட்டக்காரர் இதனைக் கருதுவது நன்று. மூட்டை உரம் சத்தைச் சேர்க்கும். அச்சத்தைப் பயிருக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் உயிர்களை அது ஊட்டாது. வெட்டிய மரத்தின் கிளையையும் இலையையும் நிலத்திலேயே மக்கவிட்டு, உடனே மூடுகொடி விதைத்தல் வேண்டும். காம்பிர்த் தோட்டக்காரருக்குப் போக வேறு காடு இருந்தது. இன்றைய சிறுதோட்டக்காரருக்கு இருப்பது அந்தச் சில ஏக்கரே.