கரண்ட் போனாலும் கிணறு கைவிடாது



2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வாசலில் இடுப்பளவு தண்ணீர், குடிக்க ஒரு குடம் தண்ணீர் இல்லை. வீட்டில் கிணறு இருந்தும் இந்தக் கதிதான். ஏன்? மோட்டார் போட்டதும் கப்பியைக் கழற்றிவிட்டோம். கிணற்று வாயையும் சிமெண்ட் பலகை போட்டு மூடி, பைப் போக மட்டும் ஓட்டை விட்டோம்.

முதலில் அதைச் சரி செய்யணும். மூடி இருப்பது நல்லதுதான், பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. ஆனால் வாளி இறங்குகிற அளவுக்கு ஒரு கதவு வேண்டும். ஒரு கப்பி, ஆழத்தைவிட நாலைந்து முழம் கூடுதலான நைலான் கயிறு, ஒரு வாளி. இதற்குக் குழுவில் உள்கடன்கூட தேவைப்படாது. கயிறையும் வாளியையும் தரையில் போடாமல் மாட்டி வையுங்கள். அந்தக் காலத்துப் பனையோலைப் பட்டையும் இந்த வேலையைத்தான் செய்தது.

கையால் இறைப்பதில் நம்ம கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. இங்கே மணலுக்குள் மழைத்தண்ணீர், கனமான உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு இருக்கிறது. திருச்செந்தூர் நாழிக்கிணறு கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் தருகிறதே, அப்படித்தான். மேலே நல்ல தண்ணீர் மட்டம் நிரந்தரமாக ஒரு அடி குறைந்தால், அடியில் இருக்கும் உப்பு 40 அடி வரை மேலே ஏறப் பார்க்கும் என்பது கணக்கு. வாளியில் இறைத்தால் கிணறு தாங்கும். கரண்ட் வந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டினால் தாங்காது. அரைமணி ஓட்டி, நிறுத்தி, ஊறவிட்டு, பிறகு மறுபடி ஓட்டுங்கள். ஒருமுறை உப்பு ஏறிய கிணறு திரும்ப நல்லதாக எத்தனை மழைக்காலம் ஆகுமோ!

போர் போட்டவர்களுக்கு வாளி இறங்காது. அவர்களுக்கு மேல்நிலைத் தொட்டிதான் கை கொடுக்கும். 1000 லிட்டர் டேங்க் நிறைய இருந்தால், ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 55 லிட்டர் செலவழித்தால் நாலு நாள்கூட வராது. 20 லிட்டர் என்று சிக்கனமாக இருந்தால் பத்து நாள் வரும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி கேட்டதுமே டேங்கை நிரப்பிவிடுங்கள். தெரு அடிபம்பையும் விட்டுவிடக் கூடாது. அதற்குக் கரண்டே வேண்டாம். கைப்பிடி அடித்தும் தண்ணீர் வரவில்லை என்றால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும், சின்னச் செலவுதான். மார்ச் 22 கிராமசபையில் எழுந்து கேளுங்கள், தீர்மானத்தில் எழுத வையுங்கள்.

இன்வெர்ட்டரில் மோட்டார் ஓடுமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்பது 746 வாட்ஸ். கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான். ஜெனரேட்டர் என்றால் ஓடும். அதை வீட்டுக்கு ஒன்று வாங்குவது வீண் கடன் என்பது எங்கள் கருத்து. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு ஒன்று வாங்கி, மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டால் கூட்டமைப்புக்கும் வருமானம்.

ஆனால் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கணும். ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக்கில் சொருகவே கூடாது. அந்தக் கரண்ட் வெளியே கம்பத்துக்குப் போய், லைன் சரிசெய்து கொண்டிருக்கிற வயர்மேன் உயிரைப் பறித்துவிடும். மோட்டாருக்கு நேராகக் கொடுங்கள், அல்லது எலெக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். அடுத்தது, அறைக்குள்ளோ திண்ணை மூலையிலோ வைத்து ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். ஆயில் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்குவதும் அதே ஆபத்துதான்.

கரண்ட் போனவுடன் மோட்டார் சுவிட்சை அணைத்துவிடுங்கள். லோ வோல்டேஜில் வந்தால் உறுமிக்கொண்டே நின்று காயில் கருகிவிடும். மேலே வைத்த மோட்டார் சுற்றியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் ஃபுட் வால்வு கசிகிறது. அதைச் சரி செய்து, பைப்பில் தண்ணீர் ஊற்றிப் பிறகு ஓட்டுங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. சாதாரண நாளில் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. ஒரு மீட்டர் அகல உறைக்கிணற்றில் இரண்டு மீட்டர் தண்ணீர் இருந்தால் சுமார் 4 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம். வெள்ளத்துக்குப் பிறகு இந்த அளவு போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டு, அவர் சொல்லும் அளவு போடுங்கள். அதுவரை குடிக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தே குடியுங்கள். கரண்ட் புகாருக்கு மின்வாரியத்தின் மின்னகம் எண்: 94987 94987.