பரணில் இருக்கும் சரித்திரம்

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கும்? மஞ்சள் பூத்த கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், காலணாப் பாட்டுப் புத்தகம். "குப்பை!" என்று எடைக்குப் போட்டுவிடுகிறோம், இல்லையா?

கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படி நினைக்கவில்லை. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், புத்தகங்களோடு இந்தத் துண்டுக் காகிதங்களையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்தபோது இருந்தவை சுமார் 1,00,000! சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. 1994-ல் சென்னையிலேயே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது.

தரமணியிலுள்ள அந்த நூலகம் பொதுமக்களுக்காகச் சொற்பொழிவுகளும் கண்காட்சிகளும் நடத்துகிறது. பாட்டியையும் அழைத்துப் போங்கள். "இது நம் வீட்டிலும் இருந்ததே!" என்பார்.

'இருந்ததே' என்பதில்தான் வருத்தம். அடுத்த முறை பரண் ஒழிக்கும்போது, தராசில் வைக்குமுன் ஒரு நிமிஷம் புரட்டிப் பாருங்கள், அம்மா!