தீவைவிட்டுப் போன தேயிலை ஏலம்

வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம், மற்ற நாள் வீட்டிலேயே வேலை என்பது இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் சாதாரணப் பேச்சு. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. பாட்டியின் தொலைக்காட்சித் தொடருக்கு அரைச் சத்தம். இது 2020இல் கொரோனா கொண்டுவந்த புதுமை என்று பலரும் நினைக்கிறோம். கொச்சித் தேயிலை வணிகர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். வெலிங்டன் தீவில் அவர்கள் இதை முன்னரே பார்த்துவிட்டவர்கள்.

மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் நடுவே, காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொண்டு பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் உருவான தீவு இது. சென்னை மாகாண ஆளுநராகவும் பிறகு வைஸ்ராயாகவும் இருந்த வெலிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்கியது 1947இல். நீலகிரி, வால்பாறை, மூணாறு மலைகளில் பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்து, தூளாகி இங்கே வந்து விலையானது.

ஏலத்துக்கு முன்பே ஒவ்வொரு சரக்கின் மாதிரியும் வாங்குவோருக்குப் போய்விடும். சுவைஞர்கள் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, உறிஞ்சி, துப்பி, விலையைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு ஏலக்கூடத்தில் தரகர் விலை கூற, சுத்தியல் விழும். 2000களின் பிற்பகுதியில் மின்னணு ஏலம் வந்தது. சுத்தியல் ஓய்ந்தது. 2016 ஜூனில் அகில இந்திய ஏலமுறை வந்தபின், கல்கத்தாவில் இருப்பவரும் கொச்சிச் சரக்கை அங்கிருந்தபடியே கேட்கலாம் என்றாயிற்று. மட்டாஞ்சேரி மிளகுச் சந்தையின் கதையும் இதேதான். கூச்சலும் கைச்சைகையுமாக நடந்த முன்பேர வணிகம் அதற்கும் முன்னரே கணினிக்குள் போய்விட்டது.

கவனியுங்கள், போனது பேரம் மட்டுமே. தேநீரைச் சுவைக்க இன்றும் மனித நாக்குதான் வேண்டும். மூட்டை கிடங்கில்தான் இருந்தாக வேண்டும். பாதி வேலை எங்கும், பாதி வேலை இங்கேயே. இதைத்தான் இப்போது கலப்புமுறை வேலை என்று பெரிய பெயரிட்டு அழைக்கிறார்கள்.

பேரத்தோடு போன ஆள்நடமாட்டத்துக்கு ஊர் என்ன மாற்று வைத்தது? என் கணக்கில், வெகு காலம் ஒன்றுமில்லை. அடிமேல் அடியும் விழுந்தது. 1999இல் விமான நிலையம் நெடும்பாசேரிக்குப் போனது. 2011இல் சரக்குப்பெட்டக முனையம் வல்லார்பாடத்துக்குப் போனது. துறைமுக ரயில் நிலையத்தில் பயணிகள் வண்டி நின்றது; 2018இல் மீண்டும் விட்ட வண்டியும் நிலைக்கவில்லை. நகரின் நடுவிலேயே இருக்கும் தீவு ஒதுக்குப்புறமாயிற்று.

அதே காலத்தில் காக்கநாட்டில் 2004இல் இன்ஃபோபார்க் வந்து, காலை நேரத்தில் ஊரே அந்தப் பக்கம் திரும்பியது. வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றான பிறகும் அத்தனை பேரும் அங்கே போய் நெரிசலில் நிற்பானேன்? இப்போது எர்ணாகுளம் தெற்கு மெட்ரோ நிலையக் கட்டடத்திலேயே இன்ஃபோபார்க் ஒரு பகிர்வு அலுவலகம் அமைத்திருக்கிறது. இரண்டு அறை வீட்டில் ஒருவர் கூட்டத்தில் பேச மற்றவர் வாய்மூடி இருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. 2025 அக்டோபரில் வெலிங்டன் தீவிலும் மட்டாஞ்சேரியிலும் நீர் மெட்ரோப் படகுத்துறைகள் திறந்தன. தீவின் படகுத்துறை அருகே பழைய கிடங்கு ஒன்றைச் சீர்செய்து இப்படியொரு அலுவலகம் வைத்தால் மட்டாஞ்சேரிப் பிள்ளைகள் படகிலேயே வந்து போகலாமே! ஆனால் தீவின் நிலம் பெரும்பாலும் துறைமுக ஆணையத்துக்கும் கடற்படைக்கும் உரியது. மாநகராட்சி மட்டும் நினைத்தால் நடக்காது. மூவரும் ஒன்றாக உட்கார வேண்டும்.

உட்காரும்போது இன்னொன்றையும் பேசட்டும். மூட்டை தூக்குபவருக்கும் கிடங்குக் காவலருக்கும் வீட்டிலிருந்து வேலை என்பதே கிடையாது. முதல் படகு எத்தனை மணிக்கு, கடைசிப் படகு எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு என்பதை அவர்களையும் கேட்டு முடிவு செய்யட்டும்.