சிவப்புக் கையுறைகளும் ஒரு தப்புக் கணக்கும்

2014-ல் ஏதென்ஸில், கிரேக்க நிதியமைச்சகத்தின் வாசலில் மாதக்கணக்கில் ஒரு போராட்டம் நடந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் அதே அமைச்சகத்தின் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தவர்கள். முந்தைய ஆண்டு செப்டம்பரில் 595 துப்புரவுத் தொழிலாளர்களை அரசு ஒரே வீச்சில் நிறுத்தியிருந்தது. சிவப்பு ரப்பர் கையுறைதான் அவர்களுடைய சின்னம்.

30,000 கோடி யூரோவுக்கு மேல் கடன்பட்ட நாடு, துடைப்பம் பிடித்தவர்களின் சம்பளத்தில் ஏன் மிச்சம் பிடிக்கப் போனது?

2009 அக்டோபரில் பதவியேற்ற பாப்பாண்ட்ரூ அரசு, அதுவரை காட்டப்பட்டுவந்த கணக்கு பொய் என்று ஒப்புக்கொண்டது. பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. சந்தையில் கடன் கிடைக்கவில்லை. புழங்குவது யூரோ என்பதால் நாணய மதிப்பைக் குறைத்து மீளவும் வழியில்லை. 2010 மே மாதம் யூரோ நாடுகளும் பன்னாட்டு நாணய நிதியமும் 11,000 கோடி யூரோ தர முன்வந்தன. அதற்கு விலையாக அரசு ஊழியர் சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன, வரிகள் ஏறின. 2012-ல் குறைந்தபட்ச ஊதியமே 22% குறைந்தது. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 32%.

செலவைக் குறைத்தே ஆகவேண்டிய நிலைதான், அதை மறுக்க முடியாது. ஆனால் எவ்வளவு வேகமாக என்பதில்தான் கணக்கு தப்பியது. அரசு ஒரு யூரோவை வெட்டினால் உற்பத்தி அரை யூரோ அளவுக்குச் சுருங்கும் என்பதே அன்றைய மதிப்பீடுகளின் அடிப்படை. நிதியத்தின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்த ஒலிவியே பிளான்ஷார், சக ஆய்வாளர் டேனியல் லீயுடன் சேர்ந்து பின்னர் சரிபார்த்தபோது, இழப்பு அதைவிட மிக அதிகம் என்று தெரிந்தது: 0.9 முதல் 1.7 யூரோ வரை. காரணம் எளியது. ஆசிரியரின் சம்பளம் குறைந்தால் அவர் காய்கறி வாங்கும் கடையில் கல்லா குறைகிறது, கடைக்காரர் உதவியாளரை நிறுத்துகிறார், அந்த உதவியாளர் வரி கட்டுவதும் நின்றுபோகிறது. நல்ல காலமென்றால் தனியார் முதலீடோ வட்டிக் குறைப்போ அந்தப் பள்ளத்தை நிரப்பும். கிரேக்க வங்கிகளே மூச்சுத் திணறிய நேரத்தில் நிரப்ப யாரும் இல்லை.

2012-ல் வேலையின்மை 15 சதவீதத்தில் நிற்கும் என்று நிதியம் கணித்திருந்தது. நடந்தது சுமார் 25%. 2013-ல் 27 சதவீதத்தையும் தாண்டியது; இளைஞர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வேலையில்லை. நாட்டின் உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்தது. கொடுமை என்னவென்றால், 2012-ல் கடன் கொடுத்த தனியார் பெருந்தொகையை விட்டுக்கொடுத்த பிறகும் கடன் விகிதம் குறையவில்லை. 2009-ல் உற்பத்தியில் சுமார் 127 சதவீதமாக இருந்தது, 2014-ல் 175-ஐத் தாண்டிவிட்டது. கடன் கிட்டத்தட்ட அங்கேயே நிற்க, அதைத் தாங்கவேண்டிய பொருளாதாரம் சுருங்கிவிட்டது.

இதற்கான அரசியல் விலையைப் பெரிதும் கொடுத்தது பாப்பாண்ட்ரூவின் பாசோக் கட்சி. 2009-ல் 43.9% வாக்கு வாங்கியது, 2015 ஜனவரியில் 4.7 சதவீதத்தில் நின்றது. அந்தத் தேர்தலில் வென்ற சிரிசா கட்சியின் சிப்ராஸ் அதே ஆண்டு ஜூலையில் புதிய நிபந்தனைகள்மீது மக்கள் வாக்கெடுப்பு நடத்தினார். 61% பேர் 'வேண்டாம்' என்றார்கள். அடுத்த வாரமே அவர் அவற்றைவிடக் கடுமையானவற்றை ஏற்றார். வங்கிகள் மூடிக் கிடந்தன, கஜானா காலி. வாக்குப் பெட்டியால் வங்கிகளைத் திறக்க முடியவில்லை.

கடன் திட்டம் 2018 ஆகஸ்டில் முடிந்தது. அதற்குள் வேலை தேடி நாட்டைவிட்டுப் போன பல லட்சம் பேரில் பெரும்பாலோர் படித்த இளைஞர்கள். வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களை மட்டும் 2015-லேயே அரசு திரும்ப வேலைக்கு அழைத்துக்கொண்டது.