பொழுதுபோக்கு உங்களுடையது, மூச்சு எல்லோருடையது!



பலகையிலே அரபு எழுத்தணிகளை அழகாக வெட்டி, பொன்னிற வர்ணம் தெளித்துச் சுவரில் மாட்டும் பொழுதுபோக்கு நம் இளைஞர்கள் சிலரிடம் இருக்கிறது. மெச்ச வேண்டிய கலைதான். ஆனால், அந்த வர்ணத்தை எங்கே வைத்துத் தெளிக்கிறார்கள்?

என் பழைய மாணவர் ஒருவரின் வீட்டுக்கு மஃரிபுக்குப் பின் சென்றிருந்தேன். வாசலிலேயே தின்னர் வாடை மூக்கைத் துளைத்தது. பின்னறையில் யன்னலை இறுகச் சாத்திவிட்டு, ஸ்ப்ரே டின்னும் கையுமாக அவர் நின்றார். அடுத்த அறையில் கைக்குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

"யன்னலைத் திறந்தா தூசி வந்து ஒட்டுது ஹஸ்ரத். நான் முகத்துக்குத் துணி கட்டித்தானே அடிக்கிறன்" என்றார்.

"பிள்ளைக்கு யார் துணி கட்டுறது?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை.

தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்ற கருத்துள்ள நபிமொழியை மத்ரஸாவில் அவருக்குக் கற்பித்தவன் நான். அதன் மீது எழுந்ததுதான், 'தீங்கு நீக்கப்பட வேண்டும்' என்ற பிக்ஹு விதி. கலையை விட வேண்டியதில்லை. தீங்கை நீக்கினால் போதும். அதற்கு வழி, காற்றை இழுத்து வெளியேற்றும் ஒரு பெட்டி.

தீங்கு எங்கே இருக்கிறது?

ஸ்ப்ரே டின்னிலிருந்து வருபவற்றுள் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, வர்ணத்தின் நுண்துளிகள். மற்றது, அசிற்றோன், தொலுயீன் போன்ற கரைப்பான்களின் ஆவி. துளிகளை வடிகட்டி பிடிக்கும். ஆவியைப் பஞ்சோ துணியோ பிடிக்காது. ஆகவே ஆவியை வீட்டுக்கு வெளியே அனுப்பியே ஆகவேண்டும். அது தீப்பற்றக் கூடியது; காற்றைவிடக் கனமாகையால் தரையோடு பரவும். நுளம்புச் சுருளும் எரிவாயு அடுப்பும் அருகில் எரியக் கூடாது என்பது இதனால்தான்.

பெட்டியைச் செய்யும் முறை

முன்பக்கம் மட்டும் திறந்த பெட்டி ஒன்றைத் தகட்டினால் செய்யுங்கள். காட்போட் எளிதில் எரியும். திறந்த வாய் 20 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் இருக்கட்டும். பின்சுவருக்குச் சில அங்குலம் முன்னால் ஒரு சட்டம் அடித்து, அதில் வடிகட்டிப் பஞ்சைப் பொருத்துங்கள். பஞ்சுக்குப் பின்னால் 6 அங்குலக் குழாய். குழாயின் மறுமுனை யன்னலுக்கு வெளியே. குழாய் நீண்டாலும் வளைந்தாலும் இழுவை குறையும்.

விசிறியைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். பெட்டியின் வாயில் காற்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடி வேகத்தில் உள்ளே செல்ல வேண்டும். நமது வாயின் பரப்பு சுமார் 2.2 சதுர அடி. எனவே நிமிடத்துக்கு 220 கன அடி, அதாவது மணிக்குச் சுமார் 375 கன மீற்றர் காற்று தேவை. பஞ்சும் குழாயும் காற்றைத் தடுப்பதால், இதைவிடக் கணிசமாகக் கூடிய அளவு குறிக்கப்பட்ட விசிறியே பொருத்தம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மோட்டாரின் தீப்பொறி கரைப்பான் ஆவியில் பட்டால் விபரீதம். ஆகவே காற்றோட்டத்துக்கு வெளியே மோட்டார் அமைந்த 'புளோவர்' வகையை வாங்குங்கள். சுவிட்சும் பெட்டிக்குத் தள்ளியே இருக்கட்டும். குளியலறைக்குப் பூட்டும் சாதாரண விசிறிதான் கையில் இருக்கிறதென்றால், தண்ணீரில் கரையும் வர்ணத்தோடு நின்றுகொள்ளுங்கள். ஸ்ப்ரே டின்னை வெட்டவெளிக்குக் கொண்டு போங்கள். வாகனங்களுக்கு அடிக்கும், கடினமாக்கி கலந்த இருகலவை வர்ணம் இந்தப் பெட்டிக்கு உரியதல்ல. அதன் ஐசோசயனேற்று ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது.

ஊதுபத்திப் பரீட்சை

வேலை முடிந்ததும், வர்ணமோ தின்னரோ அறைக்குள் வருமுன், ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டியின் வாயருகே பிடியுங்கள். நான்கு மூலைகளிலும் புகை உள்ளே ஓடினால் பெட்டி சரி. முகத்துக்குத் திரும்பினால் இழுவை போதாது. வீட்டுப் பக்கக் கதவைச் சாத்தி, எதிர்ப்புற யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். புதிய காற்று நுழைய வழியில்லாவிட்டால் பழைய காற்று வெளியேறாது. தூசிக்கு அஞ்சினால், முன்கூட்டியே தரையை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

தெளித்து முடித்தபின் 15 நிமிடமாவது விசிறி ஓடட்டும். பஞ்சில் வர்ணம் அடைத்தால் மாற்றுங்கள். பெட்டி இருந்தாலும், கரைப்பான் ஆவிக்கென்றே செய்த முகமூடியை அணிந்துகொள்ளுங்கள்.

குழாயின் மறுமுனை

கடைசியாக, குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வெளியே போய்ப் பாருங்கள். அயல்வீட்டு யன்னலை நோக்கியிருந்தால், உங்கள் பிள்ளையின் இருமலை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தவர் ஆவீர்கள். அடுப்புப் புகையும் குளியல் மண்டபப் புகையும் அயலவரை வருத்துவதைப் பற்றி நமது பிக்ஹு அறிஞர்கள் முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். தின்னர் ஆவிக்கு வேறு சட்டமா? உங்கள் குழாய் திறந்த வெளியைப் பார்க்கட்டும். அப்படி ஓர் இடம் இல்லையென்றால், அந்த வீட்டில் ஸ்ப்ரே வேண்டாம், தூரிகையே போதும்.

அல்லாஹ்வின் திருநாமத்தை எழுதி அழகுபடுத்தும் கைகளால், அவன் படைத்த ஒரு சிறு நெஞ்சும் நோகாதிருக்கட்டும்.